ஒன்றாம் வகுப்புக்கு முன், ஒவ்வொரு கண்ணாக: சென்னை மாநகராட்சிக்கு ஒரு திறந்த மடல்

பெருநகர சென்னை மாநகராட்சி ஆணையர் அவர்களுக்கும், மாநகராட்சியின் கல்வி, பொதுச் சுகாதாரப் பிரிவுகளின் அலுவலர்களுக்கும் வணக்கம்.

வடசென்னையில், பார்வையைச் சோதித்துக் கண்ணாடி பரிந்துரைக்கும் ஆப்டோமெட்ரிஸ்டாக வேலை செய்கிறேன். ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, வியாசர்பாடி வட்டாரங்களின் பிள்ளைகளே என்னிடம் அதிகம் வருகிறார்கள். அவர்கள் சார்பில் ஒரு கோரிக்கையை உங்கள் முன் வைக்கிறேன். மாநகராட்சிப் பள்ளிகளின் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளில் சேரும் ஒவ்வொரு குழந்தைக்கும், ஒன்றாம் வகுப்புக்குப் போகுமுன், ஒரு கண்ணை மூடி மறு கண்ணின் பார்வையும், பிறகு மாற்றி மூடி அடுத்த கண்ணின் பார்வையும் தனித்தனியாகச் சோதிக்கப்பட வேண்டும். குறை இருப்பதாகத் தெரியும் குழந்தை கண்ணாடி போட்டு, தேவையான சிகிச்சையைத் தொடங்கும் வரை அதன் பெயர் உங்கள் பட்டியலில் இருந்துகொண்டே இருக்க வேண்டும். இதற்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. தேவைப்படுவது உரிய வயதும், ஒழுங்காக மூடிய ஒரு கண்ணும்தான்.

பள்ளிகளில் கண் பரிசோதனையே நடப்பதில்லை என்பது என் புகார் அன்று. 1976-இல் தொடங்கிய தேசியப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டத்தின்கீழ் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசக் கண்ணாடி வழங்குவது நெடுங்காலமாக நடந்துவருகிறது. தமிழ்நாட்டில் 2009-இல் கண்ணொளி காப்போம் திட்டம் வந்தது. 2013-இல் வந்த ஆர்.பி.எஸ்.கே. என்ற தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்படி நடமாடும் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் போக வேண்டும். அவர்கள் பார்க்க வேண்டிய குறைகளின் பட்டியலில் பார்வைக் குறைவும் உண்டு. இவற்றால் பயனடைந்த பிள்ளைகள் ஏராளம். ஆனால் பள்ளிக் கண் பரிசோதனை என்றாலே நடுநிலை, உயர்நிலை வகுப்புகளில், கரும்பலகை தெரியாத பிள்ளைகளைக் கண்டுபிடிப்பது என்ற எண்ணம் நம்மிடையே ஊறிவிட்டது. கிட்டப்பார்வைக்கு அது பொருந்தும். அந்தக் குறை பெரும்பாலும் பள்ளி வயதில்தான் தலைகாட்டும். இரண்டு கண்களும் மங்கலாவதால் பிள்ளையே சொல்லிவிடும், அல்லது கண்ணைச் சுருக்கிப் பார்ப்பதை ஆசிரியர் கவனித்துவிடுவார். ஒற்றைக் கண் மட்டும் மங்கிக் கிடக்கும் பிள்ளை எதுவும் சொல்லாது. அதைப் பற்றியே இந்த மடல்.

இரு கண்களும் சேர்ந்து வேலை செய்வது எப்படி என்பதைச் சற்று விரித்தே சொல்ல வேண்டியிருக்கிறது. ஆறாம் வகுப்பில் பார்த்துக்கொண்டால் ஆகாதா என்று கேட்பவர்களுக்கான விடை அதற்குள்தான் இருக்கிறது. வளர்ந்த ஒருவரின் இரு கண்மணிகளுக்கும் இடையே ஏறத்தாழ ஆறு சென்டிமீட்டர் இடைவெளி உண்டு. ஆகவே ஒரே பொருளை இரு கண்களும் சற்றே வேறுபட்ட கோணங்களிலிருந்து பார்க்கின்றன. அந்தச் சிறு வேறுபாட்டைக் கொண்டுதான் மூளை ஆழத்தைக் கணக்கிடுகிறது என்பதை 1838-இல் சார்லஸ் வீட்ஸ்டோன் என்ற ஆங்கிலேய அறிஞர் காட்டினார். தட்டையான இரண்டு கோட்டோவியங்களை, தாம் உருவாக்கிய ஸ்டீரியோஸ்கோப் கருவியின் வழியாக ஒவ்வொரு கண்ணுக்கும் ஒன்றாகக் காட்டியபோது, அவை ஒன்றுசேர்ந்து திரண்ட உருவமாக எழுந்து நின்றன. ஊசியில் நூல் கோக்கவும், டபராவிலிருந்து டம்ளருக்குச் சிந்தாமல் காப்பி ஆற்றவும், பறந்து வரும் பந்தைப் பிடிக்கவும் நமக்குக் கைகொடுப்பது இந்த ஆழப் பார்வை.

இது நடக்க வேண்டுமானால் இரு கண்களும் ஒரே புள்ளியில் நிலைகொள்ள வேண்டும். ஒவ்வொரு கண்ணையும் ஆறு தசைகள் இயக்குகின்றன. பன்னிரண்டு தசைகளும் இடைவிடாமல் ஒத்துழைத்தால்தான், தொலைவில் வரும் பேருந்தின் எண்ணைப் பார்க்கும்போது கண்கள் இணையாக நிற்கும், கையிலிருக்கும் புத்தகத்தைப் பார்க்கும்போது சம அளவில் உள்ளே திரும்பும். விழித்திரையிலிருந்து புறப்படும் நரம்பிழைகளின் பாதையும் இதற்கென்றே அமைந்தது. மூக்கின் பக்கமுள்ள பாதி விழித்திரையின் இழைகள் மூளையின் அடிப்பகுதியில் எதிர்ப்பக்கத்துக்குக் கடந்து போகின்றன. காதின் பக்கமுள்ள பாதியின் இழைகள் கடக்காமல் அதே பக்கம் செல்கின்றன. இதனால் நமக்கு இடப்புறம் உள்ளவற்றைப் பற்றி இரண்டு கண்களும் அனுப்பும் செய்திகள் வலப்பக்க மூளையிலும், வலப்புறம் உள்ளவற்றின் செய்திகள் இடப்பக்க மூளையிலும் வந்து சேர்கின்றன. பிடரிக்கு மேலே, மூளையின் பின்பகுதியில் இருக்கும் பார்வைப் புறணியில்தான் இரு கண்களின் செய்திகளும் முதன்முதலாக ஒரே நரம்பணுவில் சந்திக்கின்றன.

அந்தச் சந்திப்பு பிறக்கும்போதே முழுமையாக அமைந்துவிடுவதில்லை. பிறந்த குழந்தையின் கண்கள் முதல் சில வாரங்களில் அவ்வப்போது விலகுவது இயல்பு. மூன்று முதல் ஐந்து மாதங்களுக்குள் பெரும்பாலான குழந்தைகளுக்கு ஆழப் பார்வை வந்துவிடுகிறது. அதன்பிறகும் பல ஆண்டுகளுக்கு, கண்ணுக்கும் மூளைக்கும் இடையிலான இணைப்புகள் பயன்பாட்டைப் பொறுத்தே வலுப்பெறுகின்றன அல்லது நலிகின்றன. 1960-களின் தொடக்கத்தில் ஹார்வர்டில் டேவிட் ஹூபெல், டார்ஸ்டன் வீசல் ஆகிய இருவரும் பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணை மட்டும் சில காலம் மூடிவைத்து ஆராய்ந்தார்கள். திறந்து பார்த்தபோது கண்ணில் ஒரு பழுதும் இல்லை. ஆனால் மூளையின் பார்வைப் பகுதியில் அந்தக் கண்ணுக்கு மறுமொழி தரும் அணுக்கள் அநேகமாக இல்லாமல் போயிருந்தன. வளர்ந்த பூனைக்கு அதே காலம் மூடிவைத்தால் அத்தகைய பாதிப்பு நேரவில்லை. இருவருக்கும் 1981-இல் நோபல் பரிசு கிடைத்ததில் இந்த ஆய்வுக்கும் பெரும்பங்கு உண்டு. பேருந்தில் ஒருவர் எழுந்து போன இருக்கை காலியாக நிற்பதில்லை, அருகில் நிற்பவர் உட்கார்ந்துவிடுகிறார். பார்வைப் புறணியிலும் ஒரு கண் விட்ட இடத்தை மறு கண் பிடித்துக்கொள்கிறது. பயணம் பாதியைத் தாண்டிய பிறகு வந்து இடம் கேட்டால் கிடைப்பது அரிது.

ஆம்ப்ளியோபியா எனப்படும் சோம்பேறிக் கண் இப்படித்தான் உருவாகிறது. உலகளவில் நூறு குழந்தைகளில் ஒன்று முதல் ஐந்து பேருக்கு இக்குறை இருப்பதாகக் கணக்கிடுகிறார்கள். இதற்கு மூன்று வழிகள் உண்டு. பிறவிக் கண்புரையோ, மணியை மறைக்கும் அளவுக்குத் தொங்கும் மேலிமையோ ஒளியையே தடுத்துவிடுவது முதலாவது. எண்ணிக்கையில் குறைவு, வேகத்தில் கொடியது. ஒரு கண்ணில் மட்டும் பிறவிப் புரை இருந்தால், பிறந்த ஆறு வாரங்களுக்குள் அறுவை செய்வதே நல்லது என்பது மருத்துவர்கள் பின்பற்றும் வழக்கம். அது மகப்பேறு மருத்துவமனைகளில், குழந்தையின் கண்ணில் விளக்கடித்துச் செந்நிற ஒளி திரும்புகிறதா என்று பார்க்கும் சோதனையில் பிடிபட வேண்டிய குறை.

இரண்டாவது மாறுகண். இங்கே ஓர் ஒப்பீட்டைக் கவனியுங்கள். சர்க்கரை நோயாளி ஒருவருக்கு ஐம்பது வயதில் கண்ணை அசைக்கும் நரம்பு திடீரெனச் செயலிழந்து ஒரு கண் திரும்பிவிட்டால், எதிரே வரும் ஒரு வண்டி இரண்டாகத் தெரியும். அன்றைக்கே மருத்துவமனைக்கு ஓடி வருவார். மூன்று வயதுக் குழந்தைக்கு அந்தத் தொல்லை நீடிப்பதில்லை. திரும்பிய கண்ணின் செய்தியை அதன் மூளை ஒதுக்கித் தள்ளி, நேராக இருக்கும் கண்ணை மட்டும் வைத்துக்கொள்கிறது. குழந்தைக்கு அது நிம்மதி. அந்தக் கண்ணுக்கு அது கேடு. மாறுகண் அதிர்ஷ்டம் என்று நம் வீடுகளில் இன்றும் சொல்கிறார்கள். வளர்ந்தால் தானாகச் சரியாகிவிடும் என்று பாட்டிமார் மட்டுமல்ல, படித்தவர்களும் சொல்லக் கேட்டிருக்கிறேன். நான்கைந்து மாதம் கடந்த குழந்தைக்குக் கண் விலகியே இருந்தால் அதைக் கண் மருத்துவர் பார்த்தாக வேண்டும். அரிதாக, விழித்திரையில் வரும் ரெட்டினோபிளாஸ்டோமா என்ற குழந்தைப் புற்றுநோயும் முதலில் மாறுகண்ணாக வெளிப்படுவதுண்டு என்பதால், காத்திருந்து பார்க்கலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

மூன்றாவது வழிதான் நம் கண்ணில் மண்ணைத் தூவுவது. இரு கண்களின் பவருக்கும் இடையே பெரிய வேறுபாடு. ஒரு கண்ணில் தூரப்பார்வைக்கான பிளஸ் பவர் அரையும், மறு கண்ணில் நான்கும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கண்ணின் உள்வில்லையைக் குவிக்கும் முயற்சி இரு கண்களுக்கும் ஒரே அளவில்தான் போகிறது; நல்ல கண்ணுக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவோடு அது நின்றுவிடும். ஆகவே பவர் கூடிய கண்ணுக்குத் தூரத்திலும் சரி, கிட்டத்திலும் சரி, தெளிவான உருவம் ஒருபோதும் கிடைப்பதில்லை. அந்தக் கண் திரும்பியிருக்காது, சிவந்திருக்காது, நீர் வடியாது. குழந்தை ஓடும், விளையாடும், செல்போனில் தனக்குப் பிடித்த கார்ட்டூனைத் தேடி எடுக்கும். நம் ஊரில் மெட்ராஸ் ஐ பரவும் நாட்களில், ஒரு பிள்ளையின் கண் சிவந்தாலே பள்ளி அதை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது. சில நாளில் தானாக ஆறிவிடும் நோய்க்கு அவ்வளவு விழிப்பு. வாழ்நாள் முழுவதும் பார்வையைக் குறைத்துவிடும் இந்த நோய் வெளியே தெரிவதில்லை என்பதால் அதைத் தேடவே ஆளில்லை.

குழந்தை ஏன் சொல்வதில்லை என்று பெற்றோர் கேட்காத நாளில்லை. அதற்கு வேறு விதமாகத் தெரிந்ததே இல்லை என்பதுதான் காரணம். ஒரு பொருள் மற்றொன்றை மறைப்பது, தொலைவில் சிறுத்துத் தெரிவது, நிழல் விழுவது, நாம் நகரும்போது அருகிலுள்ளவை வேகமாக இடம் மாறுவது முதலிய துப்புகளை ஒரே கண்ணால் சேர்த்தும் தூரத்தை ஓரளவு கணிக்கலாம். அதை வைத்தே அந்தப் பிள்ளை சமாளிக்கிறது. எங்கள் அறையில் ஈயின் பெரிய படம் ஒன்று உண்டு. சிறப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தால் ஈயின் இறக்கைகள் தாளிலிருந்து எழும்பி நிற்பதுபோலத் தெரியும். இறக்கையைப் பிடி என்றால், இரு கண்களையும் சேர்த்துப் பார்க்கும் குழந்தை தாளுக்கு மேலே வெறுங்காற்றில் இரு விரல்களையும் குவிக்கும். சில குழந்தைகள் அருவருத்துக் கையை இழுத்துக்கொள்ளும். ஆழப் பார்வை இல்லாத குழந்தையோ சிறிதும் தயங்காமல் விரலைத் தாளின்மேல் வைத்து அழுத்தும். பக்கத்தில் நிற்கும் அம்மாவுக்கு இரண்டுமே சரியான விடையாகத்தான் படும்.

இனி வயது. ஏழு வயதுக்குள் தொடங்கும் சிகிச்சைக்கு நல்ல பலன் கிடைக்கிறது. அதிலும் நான்கைந்து வயதில் தொடங்கினால் வேலை எளிது. சிகிச்சையும் எளியதே. முதலில் சரியான பவரில் கண்ணாடி. நாள் முழுதும் அதைப் போட்டிருந்தாலே, இரு கண்களின் பவர் வேறுபாட்டால் வந்த குறையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குப் பிள்ளைகளுக்குச் சில மாதங்களில் பார்வை சமனாகிவிடுகிறது. மீதிப் பேருக்கு நல்ல கண்ணின்மேல் ஒட்டுப் பட்டை போட்டு, நலிந்த கண்ணை வேலை செய்ய வைக்கிறோம். ஒரு காலத்தில் விழித்திருக்கும் நேரமெல்லாம் ஒட்ட வேண்டும் என்றார்கள். 2003-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு, மிதமான குறைக்கு நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் ஒட்டுவதும் ஆறு மணி நேரம் ஒட்டுவதும் ஏறக்குறைய ஒரே பலனைத் தருவதைக் காட்டியது. அதற்கு முந்தைய ஆண்டில் வந்த ஆய்வு, நல்ல கண்ணில் அட்ரோபின் சொட்டு மருந்து விட்டு அதை மங்கலாக்குவதும் பட்டைக்கு ஏறத்தாழ ஈடான பலன் தரும் என்று நிறுவியது. சென்னையின் மே மாத வியர்வையில் அரை மணிக்குள் கழன்று தொங்கும் பட்டையோடு மல்லுக்கட்டும் தாய்மார்களுக்கு இவை சாதாரணச் செய்திகள் அல்ல. இரண்டு மணி நேரம் போதும் என்றால் மாலையில் வீட்டிலேயே, படம் வரையும்போதோ வீட்டுப்பாடம் எழுதும்போதோ முடித்துவிடலாம். ஒட்டுப் பட்டையோடு வகுப்புக்குப் போய், ஒன்றரைக் கண்ணன் என்ற பெயரைச் சம்பாதிக்க வேண்டியதில்லை.

இதில் ஒரு திருத்தமும் சொல்லியாக வேண்டும். ஏழு வயதைத் தாண்டிய பிள்ளைகளை, இனிமேல் ஒன்றும் செய்ய முடியாது என்று கைவிரித்து அனுப்பிவிடும் பழக்கம் இந்த ஊரில் இன்னும் ஒழியவில்லை. 2005-இல் வெளிவந்த ஆய்வில், ஏழு முதல் பன்னிரண்டு வயதுள்ள பிள்ளைகளில் கண்ணாடியோடு பட்டையும் சொட்டு மருந்தும் பெற்றவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்குப் பார்வை குறிப்பிடத்தக்க அளவு உயர்ந்தது. கண்ணாடி மட்டும் போட்டவர்களில் நான்கில் ஒருவருக்கே அவ்வளவு முன்னேற்றம். ஆகவே பெரிய பிள்ளைகளையும் அனுப்புங்கள், முயன்று பார்ப்போம். ஆனால் ஆறாம் வகுப்பில் தொடங்கி அரைகுறையாக மீட்பதையும், யு.கே.ஜி.யில் தொடங்கி ஏறத்தாழ முழுதாக மீட்பதையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதை ரயில்வே தொழிற்சாலைகள் உள்ள பெரம்பூர்க்காரர்களிடம் சொல்லிப் புரியவைப்பது எளிது. ரயில்வேயில் லோகோ பைலட் வேலைக்கு எழுத்துத் தேர்வெல்லாம் தேறி வரும் இளைஞருக்கு, மருத்துவப் பரிசோதனையில் இரு கண்களும் இணைந்து பார்க்கின்றனவா என்ற சோதனையும் உண்டு. தனக்கு ஒரு கண்ணில் பார்வை குறைவு என்பதையே சிலர் அன்றுதான் அறிகிறார்கள். ராணுவத்துக்கும் காவல் துறைக்கும் முயல்பவர்களுக்கும் இந்தக் கதி நேர்கிறது. இதைவிடப் பெரிய கவலை ஒன்றுண்டு. தீபாவளிப் பட்டாசிலோ, வேலையிடத்தில் தெறிக்கும் இரும்புத் துணுக்கிலோ நல்ல கண் போய்விட்டால் மிஞ்சுவது ஒருபோதும் பழக்கப்படாத கண்தான்.

பரிசோதனை எப்படி நடக்க வேண்டும் என்பதில் சில நுணுக்கங்கள் உண்டு. இவை தவறினால் மற்றதெல்லாம் வெறும் கணக்குக் காட்டலாகிவிடும். வடசென்னைப் பள்ளி ஒன்றில் நான் பார்த்தது இது. பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். ஒவ்வொருவராக முன்னே வந்து தங்கள் விரல்களாலேயே ஒரு கண்ணை மூடிக்கொண்டு எழுத்துப் பலகையைப் படித்தார்கள். விரலிடுக்கின் வழியே நல்ல கண் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. போதாக்குறைக்கு, முன்னால் நின்ற பத்துப் பேர் உரக்கப் படித்ததைக் கேட்டுக்கேட்டுப் பின்னால் நின்றவர்களுக்கு அந்த வரி மனப்பாடமாகியிருந்தது. மூடுவதற்கு அட்டையோ, கன்னத்தில் படியும்படி வைத்த பெரியவரின் உள்ளங்கையோ வேண்டும். எழுத்து தெரியாத குழந்தைக்கு நான்கு திசைகளில் திரும்பும் ஆங்கில E எழுத்து வடிவமோ, வீடு, ஆப்பிள், வட்டம், சதுரம் போன்ற படங்களோ போதும். அது கையால் காட்டினால் போதும், வாயால் சொல்ல வேண்டியதில்லை. ஆறு மீட்டர் நீளமில்லாத வகுப்பறைக்கு மூன்று மீட்டர் பலகை கிடைக்கிறது.

ஒவ்வொரு வடிவமாகத் தனி அட்டையில் காட்டுவது வசதியாகத் தோன்றும். அதைத் தவிர்க்கச் சொல்லுங்கள். சோம்பேறிக் கண் தனித்து நிற்கும் எழுத்தை ஓரளவு படித்துவிடும், பக்கத்தில் வேறு எழுத்துகள் நெருங்கி நின்றால்தான் தடுமாறும். எனவே வரிசையாகவோ சுற்றிலும் கோடுகள் இட்டோ காட்ட வேண்டும். இரு கண்களுக்கும் இடையே இரண்டு வரி வேறுபாடு இருந்தால், மோசமான கண் எந்த வரிவரை படித்தாலும் அந்தக் குழந்தையை அனுப்பிவைக்க வேண்டும். இவை எல்லாவற்றையும்விட எளிய அடையாளம் ஒன்றுண்டு. நான்கு வயதுக் குழந்தையின் ஒரு கண்ணை மூடினால் அது சிரித்துக்கொண்டே விளையாட்டாகக் கை காட்டும். மறு கண்ணை மூடியதும் தலையைத் திருப்பும், மூடிய கையைத் தட்டிவிடும், “வீட்டுக்குப் போலாம்மா” என்று சிணுங்கத் தொடங்கும். அடம்பிடிக்கிறது என்று அம்மா அதட்டுவார்; ஒத்துழைக்கவில்லை என்று படிவத்தில் எழுதிவிட்டு அடுத்த குழந்தையைக் கூப்பிடுவார்கள். ஒத்துழைக்காத அந்தக் குழந்தையைத்தான் முதலில் அனுப்ப வேண்டும்.

அனுப்பிய பிறகு நடப்பதே எனக்கு அதிகக் கவலை தருகிறது. எழும்பூரில் 1819-ஐத் தன் தொடக்க ஆண்டாகக் கொண்ட அரசு கண் மருத்துவமனை இருக்கிறது. உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளில் அது ஒன்று. 1978-இல் மருத்துவர் எஸ்.எஸ். பத்ரிநாத் தொடங்கிய சங்கர நேத்ராலயா இருக்கிறது. அதன் ஆப்டோமெட்ரி கல்லூரி 1985-லிருந்து மாணவர்களைப் பயிற்றுவிக்கிறது. நிபுணர்களுக்குப் பஞ்சமில்லாத ஊர் இது. பரிந்துரைச் சீட்டோடு எழும்பூருக்குப் போவதென்றால் மீன் ஏலத்துக்குப் போகும் தாய்க்கோ, வீட்டு வேலை செய்யும் தாய்க்கோ ஒரு நாள் கூலி போகிறது. மணியை விரிக்கும் சொட்டு மருந்து விட்டுச் சோதித்தால்தான் குழந்தையின் உண்மையான பவர் தெரியும் என்பதால் அரை நாள் அங்கேயே கழியும். சில மருந்துகளுக்கு மறுமுறையும் வரச் சொல்வார்கள். அந்தச் சீட்டு வீட்டு அலமாரியில் மடிந்து கிடப்பதற்கு அலட்சியம் காரணமில்லை. மாநகராட்சியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களில் குறிப்பிட்ட சனிக்கிழமைகளில் இந்தச் சோதனையை நடத்த முடியுமானால், வருபவர்களின் எண்ணிக்கையே வேறாக இருக்கும்.

கண்ணாடி விஷயத்திலும் அப்படித்தான். எட்டாம் வகுப்பு மாணவனுக்கான பிரேமை நான்கு வயதுக் குழந்தைக்குக் கொடுத்தால் அது மூக்கு நுனியில் தொங்கும். குழந்தை அதற்கு மேலாகப் பார்க்கும். சின்ன மூக்குக்கேற்ற, பின்னால் பட்டை கட்டிய பிரேம் வேண்டும். உடைந்தால் கேள்வி கேட்காமல் மாற்றித் தர வேண்டும், ஏனெனில் உடையும். தூரப்பார்வையால் கண் உள்ளே திரும்பும் பிள்ளைகளில் பலருக்குக் கண்ணாடி போட்டதும் கண் நேராகிவிடும், கழற்றினால் மறுபடி திரும்பும். கண்ணாடி போட்டதால்தான் மாறுகண் வந்தது என்று பெற்றோர் அதைப் பெட்டியில் வைத்துவிடுவது இதனால்தான். பெண் பிள்ளை என்றால் நாளைக்குக் கல்யாணப் பேச்சில் இது வரும் என்ற பயம் வேறு. வகுப்பாசிரியர் ஒரு வார்த்தை சொன்னால் கேட்கும் வீடுகள் இவை. அந்த ஒரு வார்த்தையை ஆசிரியருக்கு நாம் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

கண் இரண்டும் ஆறுக்கு ஆறு, அதாவது பலகையைக் குறையின்றிப் படித்தும் அவதிப்படும் பிள்ளைகள் உண்டு என்பதையும் சுருக்கமாகக் குறிப்பிடுகிறேன். கிட்டத்துப் பார்வைக்காக இரு கண்களையும் உள்நோக்கித் திருப்பி நிறுத்த முடியாதவர்களுக்குப் படிக்கும்போது எழுத்து இரட்டிக்கும், வரி தவறும், தலை வலிக்கும். தமிழ்நாட்டின் நகர்ப்புற, கிராமப்புறப் பள்ளிகளில் நடந்து 2017-இல் வெளியான ஆய்வில், மாறுகண் இல்லாமலேயே இப்படிப்பட்ட இருகண் இணக்கக் குறைகள் உள்ளவர்கள் பத்துக்கு ஏறத்தாழ மூன்று பேர் என்று தெரியவந்தது. மருத்துவமனை அறையில் முறையாகச் செய்யும் பயிற்சிக்கு இதில் நல்ல பலன் உண்டு. ஆனால் எழுத்துக் கோளாறு, படிப்பில் பின்தங்கல் எல்லாவற்றையும் கண் பயிற்சியால் தீர்ப்பதாகச் சொல்லிப் பணம் பறிக்கும் கடைகளும் பெருகிவருகின்றன. மாநகராட்சி அந்தப் பக்கம் போக வேண்டாம். இது மூன்றாம் வகுப்புக்கு மேல் கவனிக்க வேண்டியது. என் முதல் கோரிக்கையை இதனோடு கலக்க நான் விரும்பவில்லை.

அங்கன்வாடிகள் உங்கள் நிர்வாகத்தின்கீழ் இல்லை, சமூக நலத் துறையின்கீழ் இருக்கின்றன என்பதை அறிவேன். ஆனாலும் அதே தெருவின் பால்வாடியில் இருக்கும் மூன்று வயதுக் குழந்தைதான் அடுத்த ஆண்டு உங்கள் எல்.கே.ஜி.க்கு வருகிறது. பள்ளியில் சேராத பிள்ளைகளை ஐந்து, ஆறு வயதில் போடும் டி.பி.டி. ஊக்கத் தடுப்பூசிக்காகச் சுகாதார நிலையத்துக்கு வரும்போது பிடிக்கலாம். செவிலியர் ஊசி போடுமுன் இரண்டு கண்களையும் மாற்றி மூடிப் பார்க்க ஐந்து நிமிடம் ஆகும்.

ஜூனில் பள்ளி திறக்குமுன் உங்களிடமிருந்து ஒரு சுற்றறிக்கை வர வேண்டும். சேர்க்கைப் படிவத்தில் வலது கண், இடது கண் என்று தனித்தனியாக இரண்டு கட்டங்கள். ஆகஸ்டுக்குள் அவை நிரப்பப்பட வேண்டும் என்ற கெடு. அனுப்பப்பட்ட குழந்தைக்குக் கண்ணாடி கிடைத்ததா என்று தலைமையாசிரியர் எழுதி ஒப்பமிட மூன்றாவது கட்டம் ஒன்று. ஆசிரியர்களுக்குப் பயிற்சி தர ஒரு மண்டலத்துக்கு ஒரு முற்பகல் போதும். அழைத்தால், என்னைப் போன்று இந்த ஊரில் வேலை செய்யும் ஆப்டோமெட்ரிஸ்டுகள் கட்டணமின்றி வருவோம். பலகைகளையும் மறைப்பு அட்டைகளையும் நாங்களே கொண்டுவருகிறோம். எந்த மண்டலத்தில், எந்த நாளில் தொடங்கலாம் என்பதை மட்டும் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வடசென்னையைச் சேர்ந்த ஓர் ஆப்டோமெட்ரிஸ்ட்